செத்துக் கிடந்தேன், அக்கா கூப்பிட்டாள்

இடது கன்னம் பலகையில். பலகையில் வார்னிஷ் வாசனை இல்லை, நெல் வாசனை. மார்க்கெட்டில் மூட்டை அடுக்குகிற பலகைகளைக் கொண்டுவந்து போட்டுத்தான் அன்றைக்கு மேடை கட்டியிருந்தார்கள். பலகை இடுக்கிலிருந்து ஒரு உமி எழும்பி வந்து, என் மூக்குக்கு நேரே, விரல் தொடும் தூரத்தில் கிடக்கிறது.

நான் மூச்சு விட்டால் உமி நகரும். உமி நகர்ந்தால், நான் உயிரோடு இருக்கிறேன் என்பது செஞ்சி முழுக்கத் தெரிந்துவிடும்.

விடவில்லை.

வேட்டிக் கட்டுக்குக் கீழே, அடிவயிற்றில், யாருக்கும் தெரியாத ஒரு மூலையில் காற்றை வைத்துக்கொண்டு, துளித்துளியாக வாயோரத்தில் கசியவிட்டபடி கிடக்கிறேன். தலைக்கு மேலே என் மனைவியும் என் இரண்டு தம்பிகளும் என்னை எங்கே புதைப்பது, சொத்தை எப்படிப் பங்கு போடுவது என்று சண்டை போடுகிறார்கள். நாடகத்தில்தான். முதுகுப் பக்கம் செஞ்சிக் கோட்டையின் ராஜகிரிப் பாறைகள், பகல் முழுக்கக் குடித்த வெயிலைத் திருப்பி விட ஆரம்பித்திருக்கின்றன. முன்னால் தரையில் ஊரே உட்கார்ந்திருக்கிறது. வேர்க்கடலைத் தோல் உடைகிற சத்தம்கூட நின்றுவிட்டது.

இருபது வருடமாகச் சென்னை மேடைகளில் நடிக்கிறவன். சொந்த ஊரில் அதுதான் முதல் நாடகம். அதுவும் பிரதான வேஷம். அந்த வேஷம் என்னிடம் இருக்குமா, வேறொருவனுக்குப் போகுமா என்பது அடுத்த இருபது நிமிடத்தில் தீர்மானமாகிவிடும். எல்லாம் அந்த உமியின் கையில்.

அப்போதுதான் படியேறும் சத்தம் கேட்டது. மேடையின் இடப் பக்கப் படி. நாடகத்தில் அந்த நேரத்தில் அந்தப் படியில் யாரும் ஏற வேண்டியதே இல்லை.

‘ஒரு பாடி இருக்கு, வர்றியா?’

அந்தக் கால் படியிலேயே கொஞ்சம் நிற்கட்டும்.

போன வாரம் திண்டிவனம் பஸ்ஸில் நான் தொலைத்த மேக்கப் பெட்டியைப் பற்றி எழுதியதும், கிடைத்ததா கிடைத்ததா என்று நிறையப் பேர் கேட்டுவிட்டீர்கள். கிடைக்கவில்லை. யாரோ ஒரு வீட்டில் என் ஒட்டுமீசையை வைத்துக்கொண்டு குழந்தைக்குச் சோறூட்டுகிறார்கள் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன். நல்ல மீசை. இரண்டு ஜமீன்தார்களும் ஒரு போலீஸ்காரனும் அதில் வாழ்ந்தார்கள்.

சென்னையில் பகலில் ஃப்ளெக்ஸ் போர்டு அடிக்கிற கடையில் வேலை. பிறந்தநாள், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி. ஆறு மணிக்குக் கையில் ஒட்டிய மையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டு, திருவல்லிக்கேணியில் ஒரு மொட்டை மாடிக்கு ஓடுவேன். அங்கேதான் ஒத்திகை. துணி காயப்போடும் கொடிகளுக்கு நடுவே போர் நடக்கும். ஈரப் புடவையை விலக்கிக்கொண்டு தளபதி வருவான். கீழ் வீட்டுக்காரம்மா, “ராஜாவக் கொஞ்சம் மெதுவாச் சாகச் சொல்லுங்கப்பா, கூரையெல்லாம் அதிருது” என்று சத்தம் போடுவார்.

எங்களுக்கு வாய்த்த அரங்குகள் சின்னவை. சில நாள் மேடையில் ஒன்பது பேர் இருப்போம், எதிரே ஏழு பேர் இருப்பார்கள். அந்த ஏழில் மூன்று பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள். ஆனாலும் விளக்கு அணைந்து மறுபடி எரிவதற்குள் இருக்கிற அந்த ஒரு நொடி! காதுக்குள் ரத்தம் ஓடுகிற சத்தம், அடுத்தவன் விரல் என் முழங்கையைத் தொட்டு ‘இருக்கிறேன்’ என்று சொல்கிற இருட்டு. அதற்காக நான் எத்தனை கடைசி பஸ்ஸை வேண்டுமானாலும் விடுவேன். விட்டேன்.

முதல் சில வருடம் வாயிற்காவலன், மூன்றாம் சிப்பாய், மரம். ஒரு நாடகத்தில் பிணமாகப் படுக்க வேண்டியவனுக்கு இருமல் வந்துவிட்டது. “நீ படு” என்றார்கள். படுத்தேன். நாற்பது நிமிடம் ஒரு இமை ஆடவில்லை. முடிந்ததும் கூட நடித்த பெண் பயந்துபோய் என்னைக் கிள்ளிப் பார்த்தாள்.

அன்றோடு பெயர் பரவிவிட்டது. சென்னையில் எந்தக் குழு நாடகம் போட்டாலும் செத்தவன் நான்தான். டவுன் பஸ்ஸில் நிற்கும்போது போன் வரும். எதிர்முனைக் குரல் பஸ்ஸுக்கே கேட்கும்: “கதிரு, வெள்ளிக்கிழம ஒரு பாடி இருக்கு, வர்றியா?” பக்கத்து சீட் அம்மா கூடையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு ஜன்னலோரம் நகர்வார். உட்கார இடம் கிடைக்கும்.

பிணத்துக்கு வசனம் இல்லை, அதனால் சுலபம் என்பவர்கள் ஒரு நாளும் படுத்துப் பார்த்ததில்லை. கொசு அவர்களைத் தேடி வந்ததில்லை. சாகும்போது காலை எப்படி மடக்கி விழுந்தோமோ, அப்படியே முக்கால் மணி நேரம் அந்தக் காலோடு வாழ்ந்ததில்லை.

தொண்டூர்ப் பாறை

இந்த அசையாமை எனக்கு எங்கிருந்து வந்தது? அக்காவிடமிருந்து.

எங்கள் அத்தை வீடு தொண்டூரில். அங்கே குன்றின்மேல் சமண முனிவர்கள் படுத்த கல் படுக்கைகள் இருக்கின்றன. வழவழவென்று, தலைக்குக் கொஞ்சம் உயர்த்திச் செதுக்கியவை. விடுமுறையில் போகும்போதெல்லாம் நானும் அஞ்சலை அக்காவும் ஆளுக்கொரு படுக்கையில் ஏறிப் படுத்துப் பந்தயம் கட்டுவோம். யார் முதலில் அசைகிறார்களோ அவர் தோற்றார்.

ஓணான் ஓடும். எறும்பு காதுக்குள் எட்டிப் பார்க்கும். கல்லின் குளிர்ச்சி சட்டையைத் தாண்டி முதுகெலும்புக்குள் போய் உட்காரும். நான்தான் முதலில் சிரிப்பேன். அக்கா அசைய மாட்டாள். பயந்துபோய், “அக்கா, அக்கா” என்று உலுக்குவேன். அவள் ஒரு கண்ணை மட்டும் திறந்து, “தோத்தியா?” என்பாள்.

அவள் இப்போது நர்ஸ். ஊர் ஊராக ஸ்கூட்டியில் போய் ஊசி போடுகிறாள், பிரசவம் பார்க்கிறாள். செஞ்சியைச் சுற்றிப் பாதிக் குழந்தைகளுக்கு அவளைக் கண்டால் அழுகை. மீதிப் பாதிக்கு அவள் வைத்த பேர்.

மாலினியின் கடைசி இருபது நிமிடம்

மாலினி எங்கள் குழுவின் இயக்குநர். என் வயதுதான். சென்னையிலேயே பிறந்து வளர்ந்தவர். பென்சிலைக் கொண்டையில் செருகிக்கொண்டு அதை நாள் முழுக்கத் தேடுகிறவர். ஒரு நாள் மொட்டை மாடியில் எல்லோரும் போன பிறகு என்னை நிறுத்தினார்.

“கதிர், ஒரு நாடகம் எழுதியிருக்கேன். சடையன்னு ஒரு பெரிய குடும்பத்து மூத்தவர். ஒரு மணி நேரம் பேசுவார், பாடுவார், எல்லாரையும் திட்டுவார். சிரிச்சுக்கிட்டே இருக்கும்போது செத்துடுவார். அதுக்கப்புறம் இருபது நிமிஷம் சபைக்கு முன்னாடி அப்படியே கிடக்கணும். மத்தவங்க அவரை வெச்சுக்கிட்டே சண்டை போடுவாங்க.”

“அந்த இருபது நிமிஷத்துக்கு நானா?”

“ஒண்ணேகால் மணி நேரத்துக்கும் நீங்கதான்.”

ஒண்ணேகால் இல்லை, ஒரு மணி இருபது நிமிடம். நான் கணக்கைத் திருத்தவில்லை. கொடியில் காய்ந்த யாரோ ஒருவர் லுங்கியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒரு சுற்று ஆடினேன்.

நாடகம் சென்னையில் பிடித்துக்கொண்டது. டெல்லியில் ஒரு பெரிய நாடக விழாவுக்கு எடுக்கலாமா என்று பார்க்க இரண்டு பேர் வருவதாகத் தகவல் வந்தது. கூடவே ஒரு சேதியும் வந்தது: சடையன் வேஷத்துக்கு டிவி சீரியலில் முகம் தெரிந்த ஒருவரைப் போட்டால் நன்றாக இருக்குமே என்று விழாக்காரர்கள் நினைக்கிறார்களாம். அந்த ஒருவர் தயாராகவும் இருக்கிறாராம்.

மாலினி என்னிடம் மறைக்கவில்லை. “செஞ்சி ஷோவுக்குத்தான் அவங்க வர்றாங்க. உங்களைப் பாக்கத்தான். பேசுற ஒரு மணி நேரத்தை அந்த சீரியல்காரரும் செஞ்சிடுவார். அந்தக் கடைசி இருபது நிமிஷம் அவரால முடியாது. அதை அவங்க கண்ணால பாக்கணும். நடுவுல அசைஞ்சீங்கன்னா, அவங்ககிட்ட வாதாட என்கிட்ட எதுவும் இல்ல.”

“அசைய மாட்டேன்” என்றேன். தொண்டூர்ப் பாறை மீது சத்தியம்.

தோசைத் திருப்பி

அன்று காலை அக்கா வீட்டில் தோசை. அவள் டியூட்டிக்குக் கிளம்பும் அவசரத்தில் சுட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள்.

“சாயங்காலம் இன்னா வேஷம்டா?”

“வீட்டுக்குப் பெரியவரு.”

“அதுலயும் செத்துடுவியா?”

“ஒரு மணி நேரம் உயிரோடதான்க்கா இருப்பேன்.”

“அப்பறம்?”

“அப்பறம் சாவேன்.”

தோசைத் திருப்பி நின்றது. “யாரு எழுப்புறது?”

“இது அந்த மாதிரி நாடகம் இல்லக்கா. அப்படியே முடிஞ்சிடும்.”

“ம்” என்றாள். தோசையைத் திருப்பினாள். “நீ சட்னி ஊத்திக்க.”

இந்த இடத்தில் நான் யோசித்திருக்க வேண்டும். ஊரைவிட்டுப் போய் இருபது வருடம் ஆனால் மூளையில் சில விளக்குகள் அணைந்துவிடுகின்றன போல. சென்னையில் இருந்து வந்த மாலினிக்குத் தெரியாதது தப்பில்லை. எனக்குத் தெரியும். தெரிந்தும் சொல்ல மறந்தேன்.

எங்கள் பக்கம் பாரதக் கூத்தில் செத்து விழுகிறவனை அப்படியே விட்டுவிட மாட்டார்கள். கூடப் பிறந்தவர் யாராவது ஒரு செம்பில் மஞ்சள் தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்து, முகத்தில் தெளித்து, மூன்று முறை பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள். அவன் எழுந்து ஒரு வாய் குடிக்க வேண்டும். கூப்பிடாமல் விட்டால், விளையாட்டுச் சாவு எது, நிஜச் சாவு எது என்று எமனுக்குக் குழப்பம் வந்துவிடும் என்பது ஊர்க்கணக்கு. கூப்பிட்ட பிறகும் எழாமல் கிடந்தால் அது கூப்பிட்டவருக்கு ஆகாது.

சென்னையில் இருபது வருடம் செத்திருக்கிறேன். ஒருவரும் கூப்பிட்டதில்லை.

அணைத்து வைத்த போன்

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். இதைச் சொல்லாமல் அந்தப் படியில் நிற்கும் காலை மேலே ஏற்ற முடியாது.

எங்கள் நைனா (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) நெல் மார்க்கெட்டில் மூட்டை தூக்கினார். சில வருடம் முன்பு ஒரு நாள் மத்தியானம், முதுகில் மூட்டையோடு, “கொஞ்சம் இருங்கப்பா” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தவர், சரிந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் நினைவு வந்துபோய்க்கொண்டு இருந்திருக்கிறது. “கதிரு எங்க?” என்று கேட்டிருக்கிறார்.

அந்நேரம் நான் சென்னையில் ஒரு அரங்கில் பிணமாகப் படுத்துக்கொண்டிருந்தேன். போன் பைக்குள். பை அறைக்குள். போன் அணைந்திருந்தது.

அக்கா முப்பத்தோரு முறை கூப்பிட்டிருக்கிறாள்.

நான் கைதட்டல் வாங்கி, ஒப்பனை கலைத்து, டீ குடித்து, போனைத் திறந்தபோது நைனா இல்லை. விடியும்போது ஊர் வந்து சேர்ந்தேன். அக்கா அழவில்லை. என்னைப் பார்த்து ஒன்றே ஒன்று சொன்னாள்:

“நீ அங்க செத்து செத்து வெளையாடிக்கினு இருந்த. நைனா இங்க நெஜமாவே பூட்டாரு.”

அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசாமல் இல்லை. சோறு போட்டாள், சளிக்கு மாத்திரை கொடுத்தாள், பெண் பார்க்கட்டுமா என்று கேட்டு வம்பிழுத்தாள். நாடகத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அன்று தோசை சுடும்போது கேட்டதுதான் முதல் முறை.

செம்பு

படி மூன்று. மூன்றிலும் ஏறிவிட்டது அந்தக் கால். அதற்கு முன் கீழேயே செருப்பைக் கழற்றிவிட்ட சத்தமும் கேட்டது.

கூட்டத்தில் சலசலப்பு.

“யார்றா அது, அஞ்சலை நர்ஸா?”

“ஆமா, டியூட்டி டிரஸ்ஸோட வந்துட்டாங்க.”

“நர்ஸம்மா வந்துட்டாங்கய்யா, பொழச்சிக்குவாரு!” என்று ஒருவன் கத்த, ஊர் சிரித்தது. விசில் பறந்தது.

நான் இமை இடுக்கு வழியாகப் பார்க்கிறேன். பித்தளைச் செம்பு. அதைப் பிடித்திருக்கும் கையில் பழைய வாட்ச். என் மனைவியாக நடிக்கும் ரேவதி, பாவம், நல்ல நடிகை. என்ன நடந்தாலும் வேஷத்தை விட்டு இறங்கக் கூடாது என்று பயிற்சி பெற்றவள். தலைவிரி கோலத்தோடு திரும்பி, “யாரும்மா நீங்க?” என்றாள்.

“நீ இன்னிக்கு வந்த பொண்டாட்டி. நான் இவன் கூடப் பொறந்தவ. தள்ளு.”

ஒலிபெருக்கி அதை ராஜகிரி வரை கொண்டுபோனது. பெண்கள் பக்கத்திலிருந்து அப்படி ஒரு கைதட்டல்! ரேவதி தள்ளிக்கொண்டாள். தம்பிகள் இருவரும் ஓங்கிய கையோடு சிலையாக நின்றார்கள். மேடையோரத் திரைக்குப் பின்னால் மாலினி. ஒரு கையால் வாயைப் பொத்தியிருந்தார். இன்னொரு கையின் சுட்டுவிரல் என்னைப் பார்த்து ஆடியது: வேண்டாம், வேண்டாம், எழாதே.

முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அந்த இருவரும் முன்னால் குனிந்தார்கள்.

அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்தாள். முதலில் செய்தது என்ன தெரியுமா? என் மணிக்கட்டைப் பிடித்தாள். மூன்று விரல் வைத்து, வாட்சைப் பார்த்து, நாடி எண்ணினாள். சாவைத் தினமும் பக்கத்தில் பார்க்கிறவள் அவள். நான் சாகவில்லை என்பது அவளுக்குத் தெரியாதா?

“குதிர மாதிரி ஓடுது” என்றாள், எனக்கு மட்டும் கேட்கும்படி. “பயப்படாத.”

மஞ்சள் தண்ணீர் முகத்தில் விழுந்தது. உமி நனைந்து பலகையோடு ஒட்டிக்கொண்டது.

“கதிரேசா!”

இது ஊருக்காகக் கூப்பிட்டது. திறந்த தொண்டை. மார்க்கெட்டில் ஒரு லாரிக்கும் இன்னொரு லாரிக்கும் நடுவே நைனா கூப்பிடுவாரே, அந்த அளவு சத்தம்.

நான் அசையவில்லை. டெல்லி, டெல்லி என்று மனம் அடித்துக்கொண்டது. இருபது வருடம். மரம், சிப்பாய், ஈரப் புடவை. எழுந்தால் போச்சு. அந்த சீரியல்காரன் என் சடையனை எடுத்துக்கொண்டு விமானம் ஏறிவிடுவான்.

“கதிரேசா!”

இந்த முறை குரல் நடுவில் உடைந்தது. கூட்டத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. ஏதோ ஒரு அம்மா, “எழுந்திரு ராசா” என்றார். இன்னொரு குரல், “கூப்டு அஞ்சலை, இன்னொரு வாட்டி கூப்டு” என்றது. ஊருக்கே மூன்று என்ற எண்ணிக்கை தெரியும். ஊரே மூன்றாவதுக்காக மூச்சைப் பிடித்திருந்தது. இப்போது மூச்சைப் பிடித்திருந்தவன் நான் ஒருவன் மட்டும் இல்லை.

மூன்றாவது முறை அவள் பேரைச் சத்தமாகச் சொல்லவில்லை. குனிந்தாள். ஆஸ்பத்திரி டெட்டால் வாசனையும் காலைத் தோசைச் சட்டியின் எண்ணெய் வாசனையும் ஒன்றாக வந்தன.

“கதிரு. அன்னிக்குத்தான் அத்தினி வாட்டி கூப்ட்டும் எழுந்திருக்கல. இன்னிக்காவது எழுந்திருடா.”

எழுந்தேன்.

யோசித்து எழவில்லை. சில நிமிடமாக, இல்லை, பல வருடமாக அடிவயிற்றில் வைத்திருந்த காற்றெல்லாம் ஒரே மூச்சாக வெளியே வந்தது. உட்கார்ந்தேன். பெண்கள் குலவை போட்டார்கள். அந்தச் சத்தம் பாறையில் மோதித் திரும்பி வந்து மறுபடி ஒரு குலவையாக விழுந்தது. அக்கா செம்பை என் வாயில் வைத்தாள். மஞ்சள், பித்தளை, கொஞ்சம் உப்பு. உப்பு யாருடைய கண்ணிலிருந்து என்று தெரியவில்லை. குடித்தேன்.

பாக்கி

குடித்து முடித்ததும்தான் புரிந்தது. நாடகம் முடியவில்லை. இருபது நிமிடம் அப்படியே பாக்கி. ரேவதி என்னையே பார்க்கிறாள். தம்பிகளுக்குக் கை வலிக்கிறது.

“அக்கா” என்றேன். மேடைக்கு மேலே தொங்கிய மைக்கை மறந்துவிட்டேன், ஊருக்கே கேட்டது. “இன்னும் பாக்கி இருக்குது. போய் உக்காரு.”

“எவ்ளோ நேரம்?”

“இருவது நிமிசம்.”

அவள் செம்பில் மீதம் இருந்ததை ஓரமாக ஊற்றினாள். புடவைத் தலைப்பால் என் முகத்தைத் துடைத்தாள். “இனிமே எவ்ளோ நேரம் வேணா படு” என்றாள். “அதான் கூப்ட்டாச்சே.”

படியிறங்கினாள். செருப்பைப் போட்டுக்கொண்டாள். வழி விட்டார்கள். உட்கார்ந்தாள்.

நான் மறுபடி செத்தேன். அதே கன்னம், அதே பலகை.

இனி நடந்ததை நான் எப்படிச் சொல்வேன்! ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. சண்டை, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. ஆனால் அது வேறு சண்டையாகிவிட்டது. செத்தவனைப் பேர் சொல்லிக் கூப்பிட ஒருத்தி வந்துவிட்டுப் போன பிறகு, ஒருமுறைகூடக் கூப்பிடாமல் அவன் தலைமாட்டில் நின்று பங்கு பேசுகிறவர்களைப் பார்க்க ஊருக்குப் பொறுக்கவில்லை. சின்னத் தம்பி தன் வசனத்தைச் சொன்னதும், “அடப்பாவி” என்று ஒரு கிழவர் முனகியது மேடைக்குக் கேட்டது. மாலினி எழுதிய வசனத்தில் ஒரு எழுத்து மாறவில்லை. நாங்கள் அத்தனை நாளும் சொல்லிக்கொண்டிருந்த அதே வசனங்கள், அன்றைக்குத்தான் வலித்தன.

நான் மூச்சைப் பிடித்துவைக்கவே இல்லை. அது பாட்டுக்கு எங்கோ போய்விட்டது. அசைய வேண்டும் என்று தோன்றவே இல்லை. தொண்டூர்க் கல்லில் அக்கா எப்படி அசையாமல் கிடந்தாள் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. பக்கத்தில் உலுக்கி எழுப்ப ஒருவன் இருக்கிறான் என்ற தைரியம்.

விளக்கு அணைந்தது. கைதட்டல் இல்லை. ஒரு நொடி, இரண்டு நொடி. பிறகு வந்தது பாருங்கள்.

“ஏன் எழுந்தீங்க?”

திரைக்குப் பின்னால் மாலினி என் சட்டையைப் பிடித்துவிட்டார்.

“ஏன் எழுந்தீங்க?”

“கூப்ட்டாங்க.”

“கூப்ட்டா?”

“எழுந்துடணும் மாலினி. எங்க ஊர்ல.”

“இத என்கிட்ட ஏன் முன்னாடியே சொல்லல?”

“மறந்துட்டேன்.”

அவர் என்னை அடிக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். கொண்டையிலிருந்து பென்சிலை உருவி, அதைத் தேடாமலேயே கண்டுபிடித்துவிட்ட ஆச்சரியத்தில் ஒரு நொடி நின்றார். பிறகு மெதுவாக, “ரெண்டாவது தடவையே எழுந்திருந்தா நாசமாப் போயிருக்கும். மூணு வரைக்கும் இழுத்தீங்க பாருங்க” என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. கோபமும் மிச்சம் இருந்தது.

டெல்லியிலிருந்து வந்த இருவரில் ஒரு அம்மா, குறிப்பேட்டோடு வந்தார். தமிழ் தெரியும். “அந்த நர்ஸ் எந்த குரூப்? ரொம்ப இயல்பா செஞ்சாங்க” என்றார்.

ஆமாம், எங்கள் குரூப்தான், நாங்களே அமைத்த காட்சிதான் என்று சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். நான் மாலினியைப் பார்த்தேன். மாலினி என்னைப் பார்த்தார்.

“அவங்க நடிகை இல்ல” என்றார் மாலினி. “இவரோட அக்கா. இது நாடகத்துல இல்ல. இவர் எழுந்ததும் நாடகத்துல இல்ல.”

அந்த அம்மா குறிப்பேட்டில் ரொம்ப நேரம் எழுதினார். கார் ஏறிப் போய்விட்டார்.

அந்த ஒரு வாரம் நான் ஃப்ளெக்ஸ் கடையில் மூன்று கண்ணீர் அஞ்சலிகளில் எழுத்துப்பிழை விட்டேன். எட்டாம் நாள் போன் வந்தது. விழாவுக்கு நாடகம் தேர்வாகிவிட்டது. சடையன் வேஷத்துக்கு வேறு ஆள் வேண்டாம். “எழுந்த பிறகு மறுபடி படுத்தாரே, அவர்தான் வேண்டும்” என்று சொன்னார்களாம். முடிந்தால் அக்காவையும் அழைத்து வரலாமாம்.

அக்காவிடம் சொன்னேன்.

“டெல்லியா? அன்னிக்கு பனமலையில தடுப்பூசி கேம்ப் இருக்குதுடா. குழந்தைங்கள யாரு பாக்கறது, ஒங்க டெரக்டரா?”

வழுவழுப்பான தரை

டெல்லி மேடை கண்ணாடி மாதிரி இருந்தது. உமி இல்லை. நெல் வாசனை இல்லை. தரையில் என் முகமே எனக்குத் தெரிந்தது. எதிரே எனக்குப் பாஷை புரியாத பெரிய இருட்டு. அங்கே என்னைக் கூப்பிட யாரும் படியேறி வரப் போவதில்லை என்று தெரியும்.

சிரித்தேன், செத்தேன், விழுந்தேன். இருபது நிமிடம் கிடந்தேன். விளக்கு அணைந்து எரிந்தது. எழுந்து எல்லோரோடும் கைகோத்து வணங்கினேன். கைதட்டல் தரையிலிருந்து கால் வழியாக ஏறியது. அத்தனை பேரும் எழுந்து நிற்கிறார்கள் என்று ரேவதி என் கையை நசுக்கிச் சொன்னாள்.

உள்ளே வந்தேன். மாலினி ஒரு கையில் என் போனை வைத்துக்கொண்டு நின்றார். இப்போதெல்லாம் என் போன் அணைவதில்லை. நாடகம் நடக்கும் நேரம் முழுக்க அது அவர் கையில்தான் இருக்கும். அதுவும் எங்கள் குழுவின் ஒத்திகைக் குறிப்பில் ஒரு வரி.

போன் அதிர்ந்துகொண்டிருந்தது. மாலினி அதை நீட்டினார்.

“எழுந்துட்டியா?” என்றாள் அக்கா. பின்னால் எங்கோ ஒரு குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது.

“எழுந்துட்டேன்க்கா.”

“தண்ணி குடி.”

குடித்தேன். குடிக்கிற சத்தம் கேட்ட பிறகுதான் அவள் போனை வைத்தாள்.